பழைய சார்ட்டில் புளூட்டோ இன்னும் கோள்தான்

தமிழ்நாட்டில் எந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குப் போனாலும் தலைமை ஆசிரியர் அறையில் ஓர் இரும்பு பீரோ நிற்கும். அதன் பின்னால் சுருட்டிச் சாய்த்த சார்ட்டுகள், தலையில் தூசி படிந்த உலக உருண்டை, பக்கத்தில் கால் உடைந்த பெஞ்சு. திறந்தால் எது தலையில் விழும் என்று தெரியாததால் யாரும் அதைத் திறப்பதில்லை. நான் சிவகங்கை மாவட்டத்தில் வேலை பார்க்கிறேன். கீழடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் அகழாய்வுக் குழியில் மண்ணடுக்குகளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, எங்கள் பள்ளி பீரோவும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. வந்துபோன ஒவ்வொரு திட்டமும் ஓர் அடுக்கை விட்டுப் போயிருக்கிறது.

அடித்தட்டில் கரும்பலகைத் திட்டம். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987-88இல் மத்திய அரசு தொடங்கியது. பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அப்புறம் பாடம் நடத்த அடிப்படைப் பொருட்கள் என்பது அதன் கணக்கு. துணி ஒட்டிய வரைபடங்கள், உருண்டை, அறிவியல் பெட்டி, கணக்குப் பெட்டி எல்லாம் அந்த வகை. அதற்கு மேலே ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி. அதற்கு மேலே ஏ.பி.எல். அட்டைகள். ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் பிறந்த முறையைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலின் மிச்சம் அது. அப்புறம் குறுந்தகடுகள். 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது அச்சான ஒல்லிப் புத்தகங்கள். 2018-19இலும் அதற்கடுத்த ஆண்டிலும் பாடத்திட்டம் மாறியதால் அவையும் பீரோவுக்கு வந்து சேர்ந்தன. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அதன் பொருட்கள் இப்போதைக்கு மேல்தட்டில் இருக்கின்றன.

தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானே என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் எளிதாகக் கேட்டுவிடுவார்கள். முடியாது. பள்ளிக்குள் வந்த பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கும். ஏறியதை இறக்க வேண்டுமென்றால் முறைப்படி கண்டம் செய்து, அதாவது இனிப் பயன்படாது என்று கழித்து, அனுமதி வாங்க வேண்டும். அதற்கு நடப்பதைவிட உடைந்த பெஞ்சை மூலையில் போட்டுவைப்பது சுலபம். அதனால் எங்கள் தலைமை ஆசிரியரும் நானும் உட்கார்ந்து முதலில் செய்த வேலை, பீரோவில் இருப்பதை இரண்டாகப் பிரித்ததுதான். பதிவேட்டில் ஏறிய தளவாடங்கள் ஒரு பக்கம், அன்றாடம் பயன்படுத்தித் தீர்க்க வேண்டிய சார்ட், அட்டை, பழைய நோட்டு, பாடாத குறுந்தகடு எல்லாம் இன்னொரு பக்கம். இரண்டாவதில் கத்தரிக்கோல் வைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. முதல் வகையில் எதையாவது மாற்றுவதென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் எழுதிக்கொண்டோம். இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது நாளைக்கே பீரோவைத் திறக்கப் போகிறீர்கள் என்றால், அந்தத் தீர்மானத்தை முதலில் எழுதுங்கள். தணிக்கைக்கு வருகிறவருக்குக் கலைநயம் முக்கியமில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘வீணான பொருளில் கலைப்பொருள்’ என்று பள்ளிகளில் நடக்கும் போட்டிகள் எனக்குப் பிடிப்பதில்லை. போட்டிக்கு முந்தின நாள் சாயந்திரம் ஸ்டேஷனரிக் கடையில் போய் நின்று பாருங்கள். ஐஸ் குச்சிக் கட்டு, புது குறுந்தகடு, மினுக்குத் தாள், சாட்டின் ரிப்பன், பசைத் துப்பாக்கிக்குக் குச்சி என்று அப்பாக்கள் இருநூறு ரூபாய்க்கு ‘வீணான பொருள்’ வாங்கிக்கொண்டிருப்பார்கள். அது மறுநாள் பரிசு வாங்கும். அடுத்த வாரம் அதே பீரோவின் மேல் ஏறும். பேனா ஸ்டாண்டும் சுவர் அலங்காரமும் செய்தால் பழைய குப்பை புதுக் குப்பையாகிறது, அவ்வளவுதான். எடுக்கிற பொருள் மறுபடி பிள்ளைகள் கைக்குப் போய் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தர வேண்டும் என்பதுதான் நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல். அப்படிப் பார்த்தால் பழசாகிப்போனது என்பதே பல பொருட்களுக்குப் பெரிய தகுதியாக இருக்கிறது.

வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் மரக்கட்டை வைத்துச் சுருட்டிய தமிழ்நாடு வரைபடம் ஒன்று எங்களிடம் இருந்தது. அச்சான ஆண்டு இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதை விரித்ததும் முதலில் தேடியது எங்கள் மாவட்டத்தை. சிவகங்கை இருக்க வேண்டிய இடத்தில் ‘பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர்’ என்று இருந்தது. பக்கத்தில் விருதுநகரைக் காணோம், ‘காமராசர்’ இருந்தார். ஈரோட்டுக்குப் ‘பெரியார்’, தூத்துக்குடிக்குச் ‘சிதம்பரனார்’, திருநெல்வேலிக்கு ‘நெல்லை கட்டபொம்மன்’. “டீச்சர், தப்பா அச்சடிச்சிருக்காங்க” என்றான் ஒருவன்.

தப்பில்லை, இது எந்த வருசத்துப் படம் என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டேன். மாவட்டங்கள் பிறந்த ஆண்டுகளை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். தலைவர்கள் பெயரிலிருந்த மாவட்டங்களுக்கு அந்தப் பெயர்கள் 1997இல் எடுக்கப்பட்டன, ஆக அதற்கு முந்தைய படம். கரூர் இல்லை, அதனால் 1995க்கும் முன்னால். தென்னாற்காடு உடையாமல் கிடக்கிறது, கடலூர் விழுப்புரம் என்று அது பிரிந்தது 1993. நாகப்பட்டினம் இல்லை, தஞ்சாவூருக்குள்ளேயே இருக்கிறது, அதனால் 1991க்கும் முன்னால். ஆனால் திருவண்ணாமலை சம்புவராயர் என்று தனி மாவட்டம் இருக்கிறது, அது பிறந்தது 1989. “எண்பத்தொன்பதுக்கும் தொண்ணூத்தொண்ணுக்கும் நடுவுல டீச்சர்!” என்று அவர்கள் கத்தியது பக்கத்து வகுப்புக்குக் கேட்டது. புத்தம்புது வரைபடத்தை மாட்டி மாவட்டங்கள் 38 என்று ஒப்பிக்க வைத்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது.

இந்திய வரைபடத்திலும் இதே விளையாட்டுதான். சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், உத்தராகண்ட் இல்லையென்றால் 2000க்கு முந்தையது. தெலங்கானா இருந்தால் 2014க்குப் பிந்தையது. லடாக் தனியாகத் தெரிந்தால் 2019க்குப் பிந்தையது. பள்ளியில் இரண்டு மூன்று தலைமுறை வரைபடங்கள் இருந்தால் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக மாட்டிவிடுங்கள், பிள்ளைகள் தாங்களாகவே வித்தியாசம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மாட்டுவதற்கு ஏ.பி.எல். காலத்துக் கம்பிப்பந்தல் இன்னும் வகுப்பின் குறுக்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றைக்குப் பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடக் கட்டிய கம்பி அது.

கிழிந்தே போன வரைபடமென்றால் ஃபிளெக்ஸை எடுங்கள். மாணவர் சேர்க்கைப் பேரணி, ஆண்டு விழா என்று ஒவ்வொரு வருசமும் பள்ளியில் பேனர் சேர்கிறது. அதை எரிக்கக் கூடாது. பி.வி.சி. என்பதால் புகை நஞ்சு. பின்பக்கம் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும், அதில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். அகலமான ஒரு பேனரின் முதுகில் தமிழ்நாட்டை வரைந்து 38 மாவட்டங்களுக்கும் எல்லைக்கோடு போட்டுத் தரையில் விரித்தோம். பெயர் எழுதவில்லை. பிள்ளைகள் அதன் மேல் நடப்பார்கள். “தேனியிலிருந்து ராமநாதபுரம் போகணும், ரொம்பக் கொஞ்சம் மாவட்டத்தை மிதிக்கணும்” என்றால் எல்லோரும் மதுரை, சிவகங்கை என்று இரண்டை மிதித்துப் போனார்கள். ஒருத்தி மட்டும் விருதுநகர் வழியாக ஒன்றை மட்டும் மிதித்துப் போய் நின்றாள். கணக்கில் அவள் சொன்னது சரி. அந்த எல்லையில் மலைதான் இருக்கிறது, பஸ் போகாது என்று நான் சொன்னதும் “நடந்து போவேன்” என்றாள். வேறொரு பேனரில் ஒன்று முதல் நூறு வரை கட்டம் போட்டுப் பரமபதம் வரைந்தோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாப் பள்ளியிலும் செய்கிறார்கள்.

உலக உருண்டைக்குத்தான் தீர்மானம் தேவைப்பட்டது. சோவியத் ஒன்றியம் இருக்கும் உருண்டை அது. அப்படியே வைத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வருசக்கணக்கில் விரல் பட்டு இந்தியாவே அழிந்துபோயிருந்தது. இந்தியா இருந்த இடத்தில் அட்டைதான் தெரிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கரும்பலகைக்கு அடிக்கிற அதே பெயின்டை இரண்டு பூச்சு அடித்துக் காயவைத்தோம். இப்போது அது சாக்பீஸால் எழுதி அழிக்கிற உருண்டை. தாங்கியில் அதே 23½ பாகைச் சாய்வில் நிற்கிறது. நிலநடுக்கோட்டை ஒரு பிள்ளை சாக்பீஸை அசையாமல் பிடிக்க, இன்னொரு பிள்ளை உருண்டையைச் சுற்றுவதில் வரைந்துவிடலாம். நம் ஊர் பத்தாவது அட்சக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே வரும், அங்கே ஒரு புள்ளி. கதவை மூடி டார்ச் அடித்துச் சுற்றினால் புள்ளி எப்போது வெளிச்சத்துக்கு வருகிறது, எப்போது இருட்டுக்குப் போகிறது என்று எண்ணலாம். சாய்ந்த முனையை டார்ச் பக்கம் வைத்தும் எதிர்ப்பக்கம் வைத்தும் பார்த்தால் பகலின் நீளம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். அச்சடித்த உருண்டையில் நாடுகளின் நிறங்கள் கண்ணை இழுத்துவிடும், பிள்ளைகள் ஊர்ப் பெயர்களைப் படிக்கப் போய்விடுவார்கள். கறுப்பு உருண்டையில் கோடுதான் பாடம். பதிவேட்டில் அது இன்னமும் ‘உலக உருண்டை – 1’ என்றே இருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை.

சார்ட்டுகளுக்கு வருகிறேன். சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் ஆசிரியருக்குக் கற்பித்தல் துணைப்பொருள் செய்ய ஆண்டுக்கு 500 ரூபாய் டி.எல்.எம். பணம் வரும். அதில் பாதி சார்ட்டாகத்தான் மாறியது. சூரியக் குடும்பம் என்ற சார்ட்டில் ஒன்பது கோள்கள் இருக்கும். 2006 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்திய பிறகு பல பள்ளிகளில் அதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். தயவுசெய்து ஒட்டாதீர்கள், ஒட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். பழைய சார்ட்டையும் புதுப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, ஒன்பது எப்படி எட்டானது என்று கேட்டால் போதும். வெடித்துவிட்டதா, விழுந்துவிட்டதா என்று ஆரம்பித்து, கடைசியில் ‘யார் முடிவு பண்றது?’ என்ற கேள்விக்கு அவர்களே வந்து சேர்வார்கள். வான்பொருள் அங்கேயேதான் சுற்றுகிறது, மாறியது மனிதர்கள் வைத்துக்கொண்ட வரையறை என்பதைப் பத்து வயதில் விளங்கிக்கொள்வது சின்ன விஷயமில்லை. எவரெஸ்ட்டின் உயரம் பழைய புத்தகத்தில் 8,848 மீட்டர், 2020இல் அறிவித்த அளவின்படி 8,848.86. மலை வளர்ந்ததா, அளவுகோல் வளர்ந்ததா என்று அங்கேயும் கேட்கலாம்.

கணக்குப் பெட்டியில் இருந்த விளையாட்டுப் பணமும் இதே ஜாதி. அதில் ஆயிரம் ரூபாய்த் தாள் உண்டு, பழைய ஐந்நூறு உண்டு, 25 பைசா உண்டு. 2011 ஜூன் 30 முதல் 25 பைசா செல்லாது, 2016 நவம்பரில் தாள்கள் போயின. இந்தக் காசை வைத்துப் பாட்டியிடம் போய் ‘இதுக்கு என்ன கிடைக்கும்’ என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். வந்த பட்டியலில் தேன்மிட்டாய் இருந்தது, பஸ் டிக்கெட் இருந்தது, ‘ஒரு கட்டு கீரை, கொசுறா கொத்தமல்லி’ இருந்தது. அதையே விலைவாசிக் கணக்காக மாற்றிக்கொண்டோம்.

பாடப்புத்தகம்தான் எடை அதிகம், இடமும் அதிகம். கட்டோடு பேப்பர் கடையில் போடுவதற்கு முன்னால் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். எங்களுக்கு வெவ்வேறு ஆண்டுப் புத்தகங்களிலிருந்து தமிழ்நாட்டின் மக்கள்தொகை கிடைத்தது. 1991இல் 5.59 கோடி, 2001இல் 6.24 கோடி, 2011இல் 7.21 கோடி. இதைக் கட்டத்தாளில் பட்டை வரைபடமாகப் போடச் சொன்னால் பாடம் தானாக நடக்கிறது. படங்களை வெட்டிச் சொல் அட்டை செய்வது எல்லோருக்கும் தெரிந்ததே. கதைகளை வெட்டி, பத்திகளைக் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தச் சொல்வது அதைவிட நல்ல வேலை. ஏற்கெனவே படித்த கதையாக இல்லாததால் உண்மையிலேயே வாசித்துத்தான் அடுக்க வேண்டும்.

மிச்சம் காகிதத்துக்கு ஒரு வழி எங்கள் பிள்ளை ஒருத்தியின் அப்பத்தா காட்டினார். நான் பழைய நோட்டுகளைக் கிழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “ஊறப் போடுங்க டீச்சரம்மா, கூடை பண்ணுவோம்” என்றார். தென்மாவட்டங்களில் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். காகிதக்கூழில் செய்த கூடையில் வற்றலும் பருப்பும் வைத்திருப்பார்கள், மூங்கில் முறத்துக்கும் அதே கூழைப் பூசி ஓட்டையை அடைப்பார்கள். முதலில் ஸ்டேப்ளர் பின்னையெல்லாம் பிடுங்க வேண்டும். வழுவழு அட்டையைத் தனியே எடுத்துவிட வேண்டும், அது ஊறவே ஊறாது. தாளை விரல் அகலத்துக்குக் கிழித்துத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் போட்டால் கையால் பிசையும் பதம் வரும். தண்ணீரைப் பிழிந்து, தனியே ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுரலில் ஆட்ட வேண்டும். வெந்தயம்தான் பசை, அதன் கசப்புக்குப் பூச்சியும் அண்டாது என்றார். “மைதா போட்டீங்கன்னா எலி தின்னுட்டுப் போயிரும்.”

ஆட்டிய கூழ் இட்லி மாவைவிடக் கெட்டியாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, ஈரத்துணி சுற்றி, அதன் மேல் கூழை அடை தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டே வர வேண்டும். விளிம்பில் கொஞ்சம் தடிமனாக, அடியில் சமமாக. வெயிலில் காய்ந்து பாத்திரத்திலிருந்து தானாக விலகும்போதுதான் கழற்ற வேண்டும், அவசரப்பட்டால் விரிசல் விடும். பங்குனி வெயிலில் சீக்கிரம் காய்ந்தது. இப்போது எங்கள் வகுப்பில் சாக்பீஸ் துண்டு, ரப்பர், பென்சில், எண்ணுவதற்குப் புளியங்கொட்டை எல்லாம் அந்தக் கூடைகளில்தான். ஒன்றின் பக்கவாட்டில் ‘ஆத்திசூ’ என்று நாலு எழுத்து இன்னும் தெரிகிறது, அது எப்படி ஆட்டுரலுக்குத் தப்பியதோ. வகுப்பு முழுக்க ஒரு வாரம் வெந்தய வாசம் அடித்தது. தலைவலி வந்த ஒரு டீச்சர் மட்டும் அதைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லவில்லை.

முழுதும் எழுதாத நோட்டுகளை ஆட்டுரலுக்கு அனுப்பாதீர்கள். மீதித் தாளைப் பிரித்தெடுத்து, சாக்கு ஊசியும் நூலும் வைத்து நடுவில் தைத்து, காலண்டர் தாளில் அட்டை போட்டு ரஃப் நோட்டு ஆக்குவது இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளின் அம்மாக்களும் செய்து வளர்ந்த வேலை. இப்போது இலவச நோட்டு வருவதால் அது மெல்ல மறந்துவருகிறது. மே மாதம் பள்ளி மூடும் முன் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கினால் ஜூனில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு இருக்கும்.

ஏ.பி.எல். அட்டைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். தரையில் உட்கார்ந்து, பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படியில் ஏறிய காலம் அது. அந்தப் படிகள் போனாலும் அட்டைகள் கெட்டியான லேமினேஷனோடு அப்படியே இருக்கின்றன. வெறும் பின்பக்கம் இருப்பவற்றில் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி ஈரத்துணியால் துடைக்கலாம், அதுவே சிலேட்டு. அவற்றை வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டுகளில் சலித்த மணலைக் கொட்டினோம். முதல் வகுப்புப் பிள்ளைகள் அதில் விரலால் ‘அ’ எழுதுகிறார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் கொள்ளுத்தாத்தாக்கள் மணலில்தான் எழுதினார்கள், ஆக ஒரு பெரிய சுற்றுச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

குறுந்தகடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது நிறமாலைப் பெட்டி. குறுந்தகட்டின் முகத்தில் மெல்லிய சுருள் தடம் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 1.6 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 625 தடம். ஒளி அதில் பட்டுத் திரும்பும்போது நிறம் நிறமாகப் பிரிகிறது. மூடியுள்ள நீள அட்டைப்பெட்டி ஒன்றை எடுங்கள். ஒரு முனையில் பிளேடால் மெல்லிய கீறல். எதிர்முனையின் உள்ளே தகடு சாய்வாக நிற்கும்படி செருகி, அதற்கு மேலே கண் வைக்க ஓர் ஓட்டை. வேறு எங்கும் வெளிச்சம் நுழையக் கூடாது. தகட்டை வெட்டத் தேவையில்லை, வெட்டினால் தெறிக்கும். கீறலைக் குண்டு பல்புக்கு நேரே பிடித்தால் சிவப்பிலிருந்து ஊதாவரை இடைவெளி இல்லாத பட்டை தெரியும். சி.எஃப்.எல். விளக்குக்குப் பிடித்தால் பட்டை துண்டு துண்டாகிவிடும். பச்சைக் கோடு தனியாகப் பளிச்சென்று நிற்கும், நடுவில் இருட்டு. ‘வெள்ளை’ என்று கண்ணுக்குத் தெரிகிற இரண்டு விளக்குகளும் உள்ளே வேறு வேறு என்று பிள்ளை தன் கண்ணால் பார்க்கிற கணம் அது. சூரியனை மட்டும் நேராகப் பார்க்கவே கூடாது, இதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தன்று பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூரில் இருந்தும், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தும் சூரியனின் ஒளியை இப்படிப் பிரித்துத்தான் பார்த்தார்கள். ஹீலியம் என்ற தனிமம் இருப்பது அந்த ஆண்டின் நிறமாலைகளிலிருந்துதான் தெரியவந்தது என்று சொன்னால் அட்டைப்பெட்டிக்கு உடனே மதிப்பு கூடிவிடுகிறது.

கண்டம் ஆன ரேடியோவின் ஸ்பீக்கரில் வட்டக் காந்தம் இருக்கும், கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். நூல் கட்டி மைதான மணலில் இழுத்தால் கருந்துகள் மீசை மீசையாக ஒட்டிக்கொண்டு வரும். நாமெல்லாம் சின்ன வயதில் செய்ததுதான். ஆனால் நூலில் தொங்கவிட்டு வடக்கு தெற்கு பார்க்கும்போது ஒரு வேடிக்கை உண்டு. சட்டக் காந்தத்துக்கு முனைகள் இரண்டு ஓரத்தில். இந்த வட்டத்துக்கு முனைகள் தட்டையான இரண்டு முகங்களில். அதனால் தட்டை நிமிர்த்தித் தொங்கவிட்ட மாதிரி தொங்கவிட்டால், ஒரு முகம் வடக்கைப் பார்த்து நிற்கும். ‘ஓரம் எதுவும் இல்லாத காந்தத்துக்கு முனை எங்கே?’ என்ற கேள்விக்குப் பிள்ளைகள் தேர்வில்கூட இவ்வளவு யோசித்ததில்லை.

சாக்பீஸ் துண்டுகள் மிஞ்சாத பள்ளி கிடையாது. துண்டின் அடியிலிருந்து கொஞ்சம் மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வளையம் போட்டு, வளையம் நனையாத அளவு தண்ணீரில் நிறுத்தினால் ஈரம் ஏற ஏறக் கறுப்பு பிரிந்து நீலமும் சிவப்பும் மஞ்சளும் தனித்தனியே மேலேறும். சத்துணவு முட்டையின் ஓட்டில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். நாம் எழுதுகிற சாதாரண சாக்பீஸில் விட்டால் நுரைக்காது, ஏனென்றால் அது பெரும்பாலும் ஜிப்சம். இரண்டுமே வெள்ளை, இரண்டிலும் கால்சியம், நடத்தை மட்டும் வேறு. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டு, மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் வந்து சேர்ந்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்தே வடிவியல் சொல்லித்தந்தார். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் பொம்மைகளின் செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பீரோவே இல்லாத பள்ளிகளுக்கும் அவை போதும்.

தொடக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். பழைய குழாய் டி.வி.யையும் மானிட்டரையும் யாரும் திறக்காதீர்கள். உள்ளே படக்குழாய் வெற்றிடமாக இருக்கும், உடைந்தால் கண்ணாடி உள்வாங்கிச் சிதறும். அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு, அணைத்த பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். மீன் தொட்டி செய்கிறேன் என்று இணையத்தில் காட்டுவதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். பாதரச வெப்பமானி, ட்யூப் லைட், உப்பிப்போன லேப்டாப் பேட்டரி, லேபிள் உதிர்ந்த ஆய்வக பாட்டில் எதுவும் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. மின்சாதனங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் இருக்கின்றன, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தால் அவர் செம்புக்காக ஒயரை எரிப்பார், புகை நம் ஊருக்கே வரும். இவற்றுக்கெல்லாம் கண்டம் செய்கிற நடைதான் வழி, எத்தனை மாதம் ஆனாலும்.

போன வருசம் எங்களுக்கு ஸ்மார்ட் வகுப்பறைத் திரை வந்தது. பெட்டியைப் பிரித்த அன்றே திரைக்கு இருப்புப் பதிவேட்டில் எண் போட்டாயிற்று. அது வந்த அட்டைப்பெட்டிக்கு எண் கிடையாது என்பதை நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படியோ தெரிந்துகொண்டார்கள். நான் பாதுகாப்பு விதிகளைப் படித்துக்கொண்டிருந்தபோது பெட்டி கிளம்பிவிட்டது. முன்பக்கத்தில் ஒரு சன்னல் வெட்டி, பழைய வரைபடத்தின் மரக்கட்டையில் கிழிந்த பாவாடைத் துணியைக் கட்டித் திரைச்சீலை போட்டு, காகிதக்கூழில் தலை செய்த பொம்மைகளோடு கூத்து நடக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் ஸ்மார்ட் திரையில் படம் போடவா என்று கேட்டேன். “இருங்க டீச்சர், இன்னைக்கு ராஜாவுக்குக் காது ஒட்டணும்” என்று சொல்லிவிட்டார்கள்.